செண்பகம் சொல்லாத இடம்

சாந்தோம் தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கும் குப்பத்தில், கரையேறிய படகைப் பார்த்து எங்கே பிடித்தாய் என்று யாரும் கேட்பதில்லை. எத்தனை பெட்டி என்று கேட்கலாம். என்ன மீன் என்று கேட்கலாம். இடத்தை மட்டும் கேட்கக் கூடாது. வழக்கம் தெரியாத வெளியாள் யாராவது கேட்டுவிட்டால் அதற்கென்று ஒரு பதில் வைத்திருக்கிறார்கள்.

"தெக்கால."

வடக்கே போய் வந்தவனும் அதைத்தான் சொல்வான். நேர் கிழக்கே போய் வந்தவனும் அதைத்தான் சொல்வான்.

செண்பகம் இந்தக் கரையில் ஏலம் விடுகிறவள். வயது நாற்பத்தேழு. எட்டாவது வரை படித்தவள். பதினேழு வயதில் மீன் அறுக்க அரிவாள்மணை முன் உட்கார்ந்தாள். இருபத்தைந்தில் ஏலம் கூவ எழுந்து நின்றாள். இன்று நாற்பத்தொரு ஃபைபர் படகுகள் அவளிடம்தான் மீன் இறக்குகின்றன. அவள் விலை கூவினால் லூப் ரோட்டில் போகிற ஆட்டோக்காரன் திரும்பிப் பார்ப்பான். கூவிய விலையை அவள் மாற்றியதில்லை. மாற்றவும் முடியாது. நாற்பது பேர் காதில் விழுந்திருக்கும்.

கடலுக்குள் அவள் ஒரு நாளும் போனதில்லை. ஆனாலும் கடல் அவளுக்குத் தெரியும். கலவான் மீனின் வயிற்றை அறுத்தால் அது கடைசியாகத் தின்றது கிடைக்கும். பாறை இடுக்கு நண்டா, சேற்று இறாலா என்பது கையில் பட்டதுமே தெரியும். எந்தப் படகு எத்தனை மணிக்குக் கிளம்பியது, எத்தனை மணிக்குத் திரும்பியது, அன்றைக்கு நீரோட்டம் தெற்கிலிருந்தா வடக்கிலிருந்தா, எந்த இன்ஜின் என்ன வேகம் போகும். இவ்வளவும் கரையில் இருப்பவளுக்குத் தானாக வந்து சேரும். இவற்றைச் சேர்த்தால் இடம் வந்துவிடும். அவள் அதற்காக முயன்றதில்லை. அடுத்த வீட்டில் என்ன குழம்பு என்று வாசனையில் தெரிவது மாதிரி தெரிந்துவிட்டது.

தெரிந்ததை அவள் யாரிடமும் சொன்னதில்லை. கணவன் எத்திராஜிடமும் சொன்னதில்லை. எத்திராஜுக்கும் ஒரு படகு உண்டு. பத்துப் பதினொரு வருஷத்துக்கு முன்னால் நான்கு மாதம் அவனுக்கு மீனே படவில்லை. அதே நான்கு மாதம் மண்ணாங்கட்டியின் படகு பெட்டி பெட்டியாகக் கலவான் கொண்டுவந்தது. எங்கிருந்து என்று செண்பகத்துக்குத் தெரியும். ஒரு மத்தியானம் எத்திராஜ் தட்டைப் பார்த்தபடி, "எங்கியாவுது மீனு கீதுன்னா சொல்லேன்" என்றான். அவள் சோறு போட்டாள். சொல்லவில்லை. அந்த வருஷம் ஆடியில் அவன் இன்ஜினை விற்றான். இரண்டு வருஷம் மண்ணாங்கட்டியின் படகிலேயே ஆளாகப் போனான்.

தன் வாழ்க்கையில் தான் செய்த பெரிய காரியம் அதுதான் என்று அவள் நினைத்தாள். வெளியே சொல்ல முடியாத பெருமை.

போன வருஷம் தி. நகரிலிருந்து இரண்டு பேர் கரைக்கு வந்தார்கள். பாண்டி பஜாரை ஒட்டிய ஒரு தெருவில், துணிக்கடை மாடியில் அவர்களுடைய ஆபீஸ். சாய்நாத் அதன் முதலாளி. ஸ்ரீரஞ்சனி அதில் என்ஜினியர். அவளுக்கு வீடு மயிலாப்பூர், குளத்துக்கு மேற்கே. காலைத் தூக்கித் தூக்கி மணலைத் தட்டிக்கொண்டே நின்றாள்.

அவர்கள் கொண்டுவந்த விஷயம் கரைக்குத் தேவையானதுதான். வெளியூரிலிருந்து லாரியில் வரும் பத்து நாள் ஐஸ் மீனைச் சில வியாபாரிகள் சாந்தோம் மீன் என்று ஓட்டல்களுக்கு விற்றுவந்தார்கள். கெட்ட பெயர் இந்தக் கரைக்கு. இது இந்தக் கரை மீன்தான், இன்று காலை இறங்கியதுதான் என்று ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிடுகிறவருக்கு நிரூபிக்க வேண்டும். அதற்கு பிளாக்செயின் என்றார்கள்.

"ஒரே நோட்டு, ஆனா எல்லார்கிட்டயும் ஒரு காப்பி இருக்கும் அக்கா" என்றாள் ஸ்ரீரஞ்சனி. "படகுக்காரர்கிட்ட ஒண்ணு, ஓட்டல்ல ஒண்ணு, எங்ககிட்ட ஒண்ணு. யாராவது ஒருத்தர் மாத்தினா மத்த காப்பி காட்டிக் குடுத்துடும். எழுதினத அழிக்கவே முடியாது."

"ஏலம் கூவுற மாதிரி" என்றாள் செண்பகம்.

ஸ்ரீரஞ்சனி ஒரு கணம் யோசித்தாள். "ஆமா. அதேதான்."

"நீ மீனு துன்னுவியா பாப்பா?"

"இல்லக்கா."

"துன்னாத பொண்ணு சாட்சி சொன்னா நம்புவாங்க" என்றார் மண்ணாங்கட்டி. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மண்ணாங்கட்டிக்கு அறுபத்துமூன்று வயது. அவருக்கு முன்னால் பிறந்த மூன்று பிள்ளைகள் தங்கவில்லை. இதையாவது எமன் சீந்தாமல் விடட்டும் என்று வைத்த பெயர். செண்பகத்துக்கு அவர் மாமா முறை.

முதலில் போனில் ஒரு செயலி கொடுத்தார்கள். மீன் பிடித்த இடத்தை வரைபடத்தில் விரலால் தொட வேண்டும். இரண்டு வாரம் கழித்து சாய்நாத் முகம் கறுத்துப்போய்க் கரைக்கு வந்தார். நாற்பத்தொரு படகும், பதினான்கு நாளும், திருவான்மியூருக்கு நேரே கடலில் ஒரே புள்ளியைத் தொட்டிருந்தார்கள்.

"மொத்த மீனையும் ஒரே எடத்துலயா பிடிச்சீங்க?" என்றார்.

"ஆமா சார்" என்றான் அறிவு. இருபத்தெட்டு வயது, புதுப் படகு வாங்கியவன், போனில் கெட்டிக்காரன். "தெக்கால."

அதன் பிறகுதான் பெட்டி வந்தது. சோப்பு டப்பா அளவு. படகில் பலகைக்கு அடியில் கட்டிவிட்டால் தானே இடத்தைக் குறித்துக்கொள்ளும். குறித்ததைப் பூட்டிவிடும். அனுமதி உள்ள கடலில்தான் பிடித்தது என்பதை மட்டும் வெளியே சொல்லும், இடத்தைச் சொல்லாது. யாராலும் திறக்க முடியாது என்றார்கள்.

படகுக்காரர்கள் பெட்டியைத் தொடவில்லை. செண்பகத்தைப் பார்த்தார்கள்.

மண்ணாங்கட்டியின் இடம் அவருடைய அப்பா காலத்திலிருந்து அவரிடம் இருப்பது. கடலுக்கடியில் ஒரு பாறை மேடு. பள்ளிக்கூட வகுப்பறை அளவுதான் இருக்கும். ஒரு படகு போனால் வருஷம் முழுக்க மீன் தரும். பத்துப் படகு போனால் ஒரு வாரத்தில் வெறும் கல். கரையில் ஒவ்வொருவனுக்கும் இப்படி ஏதோ ஓர் இடம். அதைக் கேட்காமல் இருப்பது மரியாதைக்காக மட்டும் இல்லை.

"இன்னா செம்பகம், கட்டலாமா?" என்று மண்ணாங்கட்டி கேட்டார். "நீ சொன்னா கட்டுறேன்."

அவள் ஸ்ரீரஞ்சனியைத் தனியாக அழைத்து மூன்று தடவை கேட்டாள். யாருக்கும் தெரியாதா? ஆபீஸில் உட்கார்ந்திருப்பவருக்கும்? உனக்கும்? ஸ்ரீரஞ்சனி மூன்று தடவையும் தெரியாது என்றாள்.

"கட்டு மாமா" என்றாள் செண்பகம். "எம் பொறுப்பு."

சோதனைக்கு முதலில் ஒரே ஒரு படகு என்று ஏற்பாடு. மண்ணாங்கட்டியின் படகில் பெட்டி ஏறியது. அடையாறில் ஓர் ஓட்டல் அந்த மீனை எடுத்துக்கொண்டது.

பன்னிரண்டாம் நாள் செண்பகமே ஐஸ் பெட்டியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அந்த ஓட்டலுக்குப் போனாள். மேனேஜர் அவளை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். மேஜை மேல் ஒரு அட்டை. அதில் இருந்த கட்டத்தைப் போனில் பிடித்தால் மீனின் விவரம் வரும்.

"நேத்து ஒரு ஃபேமிலி இதையே படிச்சிக்கிட்டு சாப்பாட்ட ஆற வச்சுட்டாங்கம்மா. நீங்களும் பாருங்க."

செண்பகம் தன் போனில் பிடித்தாள். எழுத்துக் கூட்டாமலே படிக்கத் தெரியும் அவளுக்கு.

மீன்: கலவான். படகின் எண். கரையை விட்டது 3.40. இன்ஜின் நின்றது 4.52. கரை சேர்ந்தது 8.15. பிடித்த இடம்: பாதுகாக்கப்பட்டது.

அந்தக் கடைசி வரிக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பூட்டுப் படம் இருந்தது.

அவள் இரண்டாவது முறை படித்தாள். பிறகு போனைக் கவிழ்த்து வைத்தாள். இங்கே பாதுகாக்க என்ன மிச்சம் இருக்கிறது? மண்ணாங்கட்டியின் இன்ஜின் ஒரு மணி பன்னிரண்டு நிமிஷத்தில் எவ்வளவு தூரம் போகும் என்று கரையில் நண்டு பிடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். கலவான் என்றால் பாறை. நேற்று நீரோட்டம் வடக்கிலிருந்து. அந்தத் தூரத்தில், அந்தப் பக்கம், பாறை எங்கே இருக்க முடியும்? அவளுக்குத் தெரிந்தது பெரிதில்லை. அவளுக்கு இருபது வருஷமாகத் தெரியும். ஆனால் அறிவு ஒரு நாள் இந்த மேஜையில் உட்கார்ந்தால்? கரையில் இருந்து காதால் கேட்பதற்கும், நிமிஷக் கணக்கோடு பதினோரு நாள் எழுதி வைத்ததைப் பார்ப்பதற்கும் வித்தியாசம் உண்டு. அவனுக்கு மூன்று நாள் போதும்.

எழுதியதை அழிக்கவே முடியாது என்று அந்தப் பெண் பெருமையாகச் சொன்னது ஞாபகம் வந்தது.

"இன்னாம்மா, நல்லா இல்லியா?" என்றார் மேனேஜர்.

"நல்லாத்தான் கீது" என்றாள். மீனை இறக்கிவிட்டு வெளியே வந்தாள். எம் பொறுப்பு என்று சொன்ன வாய் கசந்தது.

மறுநாள் ஏலம் முடிந்ததும் மண்ணாங்கட்டியிடம் போனாள். "மாமா, சட்ட மாத்திக்கினு வா. தி. நகர் போவணும்."

"எதுக்குமே?"

"வா. சொல்றேன்."

இருபத்திரண்டு வருஷத்தில் அவள் அவரை எதற்கும் அழைத்ததில்லை. அவர் சட்டை மாற்றிக்கொண்டு வந்தார்.

துணிக்கடை மாடியில் ஏசி குளிர்ந்தது. மண்ணாங்கட்டி நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். செண்பகம் நின்றபடியே விஷயத்தைச் சொன்னாள். உங்கள் பூட்டு எதையும் மறைக்கவில்லை.

சாய்நாத் பொறுமையாகக் கேட்டார். பிறகு பொறுமையாகச் சிரித்தார். "அம்மா, அந்தப் பூட்ட உடைக்கணும்னா உலகத்துல இருக்கற எல்லா கம்ப்யூட்டரும் சேர்ந்து ஆயிரம் வருஷம் வேலை பார்க்கணும்."

"நா பூட்ட ஒடைக்கல சார். பூட்ட நல்லாத்தான் போட்டுக்கிறீங்க. பக்கத்துல ஜன்னல் தொறந்து கீது."

"எது ஜன்னல்?"

"மூணு டைமு. மீனு பேரு. படகு நம்பரு."

"வெறும் நேரத்த வச்சு இடத்தச் சொல்லிடுவீங்களா?"

"தெரியும்."

"சரி, சொல்லுங்க பாப்போம். நேத்திக்கு எங்க பிடிச்சார்?"

செண்பகம் சுற்றிப் பார்த்தாள். அறையில் ஐந்தாறு பேர் இருந்தார்கள். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"சொல்ல மாட்டேன்" என்றாள்.

"சொல்லலன்னா உங்களுக்குத் தெரியும்னு எனக்கு எப்பிடித் தெரியும்?"

நியாயமான கேள்விதான். நிரூபிக்க வேண்டுமானால் சொல்ல வேண்டும். சொன்னால் இருபது வருஷம் காத்தது இந்த ஏசி அறையில் போய்விடும். சொல்லாவிட்டால் பெட்டி தினமும் கொஞ்சம் கொஞ்சமாக அதையே ஊருக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். அவள் சேலைத் தலைப்பை இறுக்கிச் சொருகினாள்.

"ஒரு பேப்பர் குடு பாப்பா. பேனா."

ஸ்ரீரஞ்சனி கொடுத்தாள். செண்பகம் மூலைக்குப் போய்ச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று வரைந்தாள். கரைக்கு ஒரு கோடு. தேவாலயத்துக் கோபுரம். லைட் ஹவுஸ். கடலில் இருந்து பார்த்தால் எதற்குப் பின்னால் எது மறையும் என்று இரண்டு கோடுகள். கோடுகள் வெட்டும் இடத்தில் ஒரு புள்ளி. காகிதத்தை நான்காக மடித்தாள். யாரிடமும் காட்டாமல் மண்ணாங்கட்டியின் கையில் கொடுத்தாள்.

"நீ மட்டும் பாரு மாமா. சரியா தப்பான்னு மட்டும் சொல்லு."

அவர் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பிரித்தார். பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். காகிதத்தைப் பழையபடி நான்காக மடித்தார்.

"சரி" என்றார். செண்பகத்தைப் பார்த்துத் திரும்பச் சொன்னார். "சரிதான்."

சாய்நாத்தின் சிரிப்பு நின்றுவிட்டது.

"ஒரு தடவை குருட்டாம்போக்கா விழுந்திருக்கலாம் இல்லையா?" என்றாள் ஸ்ரீரஞ்சனி. அவள் குரலில் ஏளனம் இல்லை, அவசரம் இருந்தது. "நான் ஒரு நாளைச் சொல்றேன் அக்கா. நானே எடுக்கற நாள். ஆறாம் நாள்."

ஆறாம் நாளின் மூன்று நேரங்களையும் மீன் பெயரையும் படித்தாள். சங்கரா. செண்பகம் சுவர்ப் பக்கம் திரும்பி வரைந்தாள், மடித்தாள், கொடுத்தாள்.

"சரி" என்றார் மண்ணாங்கட்டி.

இரண்டாம் நாள். சரி. ஒன்பதாம் நாள். அதற்கு அவர் காகிதத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நா அன்னிக்கி அங்க போனத எனக்கே மறந்து போச்சு. சரிதான்" என்றார். நான்கு காகிதங்களையும் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டார்.

ஸ்ரீரஞ்சனி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "அக்கா, இப்போ நீங்க என்ன பண்ணினீங்கன்னு தெரியறதா? எங்க யாருக்கும் எந்த இடம்னு தெரியாது. ஆனா உங்களுக்குத் தெரியும்னு சந்தேகமே இல்லாமத் தெரிஞ்சுபோச்சு. காட்டாம நிரூபிக்கறது. இதைத்தான் நாங்க ரெண்டு வருஷமா கணக்குப் போட்டுண்டு இருக்கோம். பெட்டி பண்ண வேண்டியது இதுதான். நாங்க பண்ணினது வேற."

"நீங்க பண்ணது இன்னா?"

"இடத்த மறைச்சுட்டு, இடத்துக்கு வழி சொல்றதெல்லாத்தையும் வெளில வச்சுட்டோம்."

சாய்நாத் உடனே இறங்கி வரவில்லை. ஓட்டல்காரர்களுக்கு அந்த நேரங்கள் பிடித்திருக்கின்றன, அதில்தான் ஒரு கவர்ச்சி இருக்கிறது, எடுத்துவிட்டால் அட்டையில் என்ன இருக்கும் என்று கேட்டார். வெள்ளிக்கிழமை இன்னும் நான்கு ஓட்டல்கள் வருவதாக இருந்தன.

"துன்றவங்க இன்னா சார் கேக்குறாங்க?" என்றாள் செண்பகம். "மீனு புதுசான்னு கேக்குறாங்க. இந்தக் கரையான்னு கேக்குறாங்க. அதுக்கு ஆமான்னு சொன்னா போதும். எத்தினி மணிக்கி இன்ஜின் நின்னுதுன்னு தெரிஞ்சி அவுங்க இன்னா, நாளைக்கி போயி தூண்டில் போடப் போறாங்களா? போடப் போறவன் கரையில கீறான் சார். அவனுக்குத்தான் நீங்க அட்ட அடிச்சி வச்சிக்கிறீங்க."

யாரோ சிரித்தார்கள். சாய்நாத்தும் கடைசியில் சிரித்தார்.

"இத எடுக்கலன்னா இந்தப் பொட்டிய நானே அவுத்து எடுத்தாந்து உங்க மேச மேல வச்சிட்டுப் போயிடுவேன். நாப்பத்தோரு படகுலயும் ஏறாது."

எடுத்தார்கள். இனி பெட்டி மூன்று கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும். இந்தக் கரையில் இறங்கிய மீனா? பிடித்துப் பத்து மணி நேரத்துக்குள் இறங்கியதா? அனுமதி உள்ள கடலா? ஆம், ஆம், ஆம். நேரம் இல்லை. படகு எண் இல்லை.

இத்தனை நாள் எழுதியது மிச்சம் இருந்தது. அதை எழுதியாகிவிட்டது, நோட்டிலிருந்து கிழிக்க முடியாது. ஸ்ரீரஞ்சனி விளக்கினாள். நோட்டில் இருப்பது பூட்டிய கிறுக்கல்தான். அட்டையைப் பிடிக்கும்போது ஆபீஸில் இருக்கும் சாவி அதைத் திறந்து காட்டுகிறது. சாவியை அழித்துவிட்டால் அது என்றைக்கும் கிறுக்கலாகவே கிடக்கும்.

"சாவி எத்தினி கீது?" என்று கேட்டார் மண்ணாங்கட்டி.

"ரெண்டு ஐயா. என்கிட்ட ஒண்ணு, சார்கிட்ட ஒண்ணு."

"எங்கண்ணு முன்னால அழி."

ஸ்ரீரஞ்சனி செண்பகத்தையே பொத்தானை அழுத்தச் சொன்னாள். இரண்டு முறை அழுத்தினாள். பிறகு போனில் பழைய அட்டையைப் பிடித்துப் பார்த்தார்கள். வெறும் வெள்ளை. இத்தனை நாளில் அட்டையைப் பார்த்தவர்கள் அறுபத்திரண்டு பேர், எல்லோரும் ஓட்டலுக்குள் இருந்து பார்த்தவர்கள் என்று ஸ்ரீரஞ்சனி கணக்கெடுத்துச் சொன்னாள்.

"குப்பத்தாளு எவன் அங்க போயி காசு குடுத்து மீனு துன்னப் போறான்" என்றார் மண்ணாங்கட்டி.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்தார். எங்கே இறங்க வேண்டும் என்று கண்டக்டர் அவரிடம் கேட்டதற்கும் அவள்தான் பதில் சொன்னாள். ராயப்பேட்டை தாண்டியதும் கேட்டார்.

"எப்போலேர்ந்து தெரியும்?"

"சுனாமிக்கி அடுத்த வருசத்துலேர்ந்து."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையுந்தான்."

"ஒம் புருசன் எம் படகுல ரெண்டு வருசம் ஆளா வந்தான். இன்ஜின வித்துட்டு."

"ஆமா."

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டார். இறங்கியதும் நேரே கடலுக்குப் போய் இடுப்பிலிருந்த நான்கு காகிதங்களையும் அலையில் பிசைந்து கரைத்துவிட்டு வந்தார்.

மறுநாள் காலை ஏலம் முடிந்ததும் செண்பகம் படகுக்காரர்களை நிறுத்தி வைத்தாள். ஒளிக்க அவளுக்கு மனமில்லை. "பொட்டியில ஓட்ட இருந்துது. அடைச்சாச்சு. இனிமே கட்டிக்கலாம்."

"ஓட்டைய எவன் கண்டுபுடிச்சான்?" என்றான் அறிவு.

"நாந்தான்."

"நீயா? எப்பிடிக்கா?"

அவள் பதில் சொல்வதற்குள் மண்ணாங்கட்டி சொல்லிவிட்டார். "எம் பாறை அவளுக்குத் தெரியும்டா. இருவது வருசமா தெரியும்."

ஒவ்வொருவரும் தத்தம் இடத்தை நினைத்துக்கொண்டார்கள். இவருடையது தெரியுமென்றால் நம்முடையதும் தெரியும். நாற்பத்தொரு இடமும் ஒரு பெண்ணின் தலைக்குள் இருக்கிறது. அவளுக்கு ஒரு கணவன் இருக்கிறான். அவனுக்கு ஒரு படகு இருக்கிறது.

அறிவுதான் அதை வாய்விட்டுச் சொன்னான். "யோவ் எத்திராஜ் மாமா, குடுத்து வச்சவன்யா நீ. எங்களுக்கு வானத்துலேர்ந்து ஜிபிஎஸ்ஸு. உனுக்கு ஊட்டுக்குள்ளியே."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் எத்திராஜைப் பார்த்தார்கள். செண்பகம் மட்டும் பார்க்கவில்லை. அவள் தன் காலடி மணலைப் பார்த்தாள். இவர்கள் சந்தேகப்பட்டால் நாளைக் காலை ஒரு பெட்டிகூட அவளிடம் இறங்காது. சொல்லவில்லை என்பதற்கு அவளிடம் எந்தச் சாட்சியும் இல்லை. சொல்லாததற்கு யார் சாட்சி சொல்ல முடியும்?

எத்திராஜ் வலையில் சிக்கிய பாசியைப் பிய்த்துக்கொண்டிருந்தான். தலை நிமிராமல் கேட்டான்.

"அறிவு, நா எந்த வருசம்டா இன்ஜின வித்தேன்?"

அறிவு விழித்தான். பக்கத்தில் நின்ற கிழவர் ஒருவர் சொன்னார். "பதினாலுல. ஆடி மாசத்துல."

"யாரு படகுல ஆளா போனேன்?"

"மண்ணாங்கட்டி படகுல."

"அப்போ அவளுக்கு அந்த எடம் தெரியும். பத்து வருசமா தெரிஞ்சிக்கினு எனுக்கு சோறு போட்டுக்கினு இருந்துக்கிறா." எத்திராஜ் வலையைக் கீழே போட்டுவிட்டு எழுந்தான். குரல் உயர்ந்தது. அவன் குரலை யாரும் அவ்வளவு சத்தமாகக் கேட்டதில்லை. "கட்டுன புருசன், எனுக்கே சொல்லல. உங்குளுக்காடா சொல்லப் போறா?"

முதலில் மண்ணாங்கட்டி சிரித்தார். அப்புறம் கரை முழுக்கச் சிரிப்பு. அறிவு, "தோத்தேன் மாமா, மன்னிச்சிக்க" என்று கையைத் தூக்கினான். பெட்டி கட்ட அன்றைக்கு முதலில் பெயர் கொடுத்தவனும் அவன்தான்.

இப்போது நாற்பத்தொரு படகிலும் பெட்டி இருக்கிறது. அடையாறிலும் மயிலாப்பூரிலும் ஒன்பது ஓட்டல்கள் இந்தக் கரை மீனை வாங்குகின்றன. அட்டையைப் பிடித்தால் மூன்று ஆம் மட்டும் வரும். எங்கே பிடித்தது என்று விருந்தாளி யாராவது கேட்டால் மேனேஜர்கள் தெற்கே என்கிறார்கள். ஸ்ரீரஞ்சனி சொல்லிக் கொடுத்தது. தி. நகர் ஆபீஸில் புதிதாக எது செய்தாலும் வெளியே விடுவதற்கு முன்பு செண்பகத்தைக் கூப்பிட்டு உட்கார வைக்கிறார்கள். ஜன்னல் ஏதாவது திறந்திருக்கிறதா என்று அவள் பார்த்துச் சொல்கிறாள்.

கரை சிரித்த அன்று மத்தியானம் எத்திராஜ் சாப்பிட உட்கார்ந்தான். செண்பகம் கலவான் குழம்பு வைத்திருந்தாள். அவன் இரண்டு கவளம் சாப்பிட்டான்.

"அன்னிக்கி கேட்டேனே. தெரியுமா அப்போ?"

"தெரியும்."

அவன் முள்ளைத் தட்டின் ஓரத்தில் எடுத்து வைத்தான்.

"சொல்லியிருந்தா போயிருப்பேன்" என்றான்.

"தெரியும்."

"அடுத்த நாளே போயிருப்பேன்."

"தெரியும்னு சொன்னன்ல."

அவன் தட்டை அவள் பக்கம் தள்ளினான். "நடுத்துண்டு இன்னொண்ணு போடு" என்றான். அவள் தலைத்துண்டையும் சேர்த்துப் போட்டாள்.